ஐந்து பேர் போதுமா? – இணையதளச் சோதனைகளை எவ்வளவு நம்பலாம்

ஓர் இணையதளம் மக்களுக்குக் கைவருகிறதா என்று அறிய எத்தனை பேரை அதன்முன் உட்காரவைத்துப் பார்க்க வேண்டும்? 2000-ஆம் ஆண்டு மார்ச்சில் ஜேக்கப் நீல்சன் இதற்கு விடை எழுதினார்: ஐந்து பேர் போதும். டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய இந்த ஆய்வாளரின் சொல், கால் நூற்றாண்டாக மென்பொருள் உலகில் விதிபோலவே வழங்கிவருகிறது. யூஎக்ஸ் எனப்படும் பயனர் அனுபவத் துறையில் வேலைக்குச் சேரும் எவரும் இதைக் கேட்காமல் இருப்பது அரிது. அதே கால் நூற்றாண்டில் இந்த விதியை மறுத்தும் திருத்தியும் பல ஆய்வுகள் வந்திருக்கின்றன. அவற்றை ஒருசேர வைத்துப் படித்தால், எண்ணிக்கையைவிடப் பெரிய கேள்வி ஒன்று எழுகிறது. இத்தகைய சோதனைகளை எதற்காக நம்பலாம், எதற்காக நம்பக் கூடாது? ரேஷன் அட்டையும் வங்கிக் கணக்கும் ரயில் பயணச்சீட்டும் கல்லூரி விண்ணப்பமும் திரைக்குள் போய்விட்ட காலம் இது. இந்தக் கேள்வியை வடிவமைப்பாளர்கள் தமக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட முடியாது.

தவறு யாருடையது

இந்தத் துறை இணையத்தோடு பிறந்ததல்ல. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கிய பிறகும் ஓடுபாதையில் வயிறு தேய விழுந்துகொண்டிருந்தன. இறக்கை மடிப்பை இயக்கும் விசைக்குப் பதிலாகச் சக்கரங்களை உள்ளிழுக்கும் விசையை விமானிகள் இயக்கிவிடுவதே காரணம். 'விமானியின் கவனக்குறைவு' என்றுதான் பதிவேடுகள் கூறின. ஆல்ஃபோன்ஸ் சபானிஸ் என்ற உளவியலாளர் விமானி அறைக்குள் போய்ப் பார்த்தார். இரண்டு விசைகளும் ஒரே வடிவில் அருகருகே இருந்தன. ஒன்றின் தலையில் சக்கர வடிவும் மற்றதன் தலையில் ஆப்பு வடிவும் பொருத்தச் சொன்னார், குழப்பம் நீங்கியது. பயணிகள் விமானங்களில் இவ்விரு விசைகளின் கைப்பிடி வடிவங்களை இன்றும் அமெரிக்க விதிகளே வரையறுக்கின்றன. 1947-இல் பால் ஃபிட்ஸும் ரிச்சர்ட் ஜோன்ஸும் 'விமானியின் தவறு' என்று முத்திரை குத்தப்பட்ட 460 நிகழ்வுகளை ஆராய்ந்து, அவற்றில் பெரும்பகுதிக்குக் கருவிகளின் அமைப்பே வழிவகுத்தது என்று காட்டினார்கள்.

துறையின் அடிப்படை நேர்மை இதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். பயனர் தடுமாறினால் முதலில் பொருளைச் சந்தேகி என்ற ஒழுக்கம் அது. பெல் ஆய்வகத்தில் 1960-இல் தொலைபேசிப் பொத்தான்களைப் பல வரிசைகளில் அடுக்கி மக்களை அழுத்தவைத்துப் பார்த்ததும், அதிலிருந்து 1-2-3 மேல்வரிசையில் அமைந்த பலகை 1963-இல் சந்தைக்கு வந்ததும் இந்த ஒழுக்கத்தின் தொடர்ச்சிதான். நம் கைப்பேசியில் இன்றும் இருப்பது அந்த வரிசையே.

1985-இல் ஐபிஎம் நிறுவனத்தின் ஜான் கூல்டும் கிளேட்டன் லூயிஸும் இதை மூன்று விதிகளாகச் சுருக்கினார்கள். தொடக்கத்திலேயே பயனரிடம் போ. அவர் செய்வதை அளந்து பார். திருத்தி மறுபடியும் சோதி. இதில் வியப்பு என்னவென்றால், இந்த விதிகளைச் சொல்வதற்கு முன் நூற்றுக்கணக்கான வடிவமைப்பாளர்களிடம் 'நல்ல வடிவமைப்புக்கு என்ன செய்ய வேண்டும்' என்று அவர்கள் கேட்டிருந்தார்கள். இம்மூன்றையும் சேர்த்துச் சொன்னவர்கள் சிறுபான்மையினரே. எல்லோருக்கும் தெரிந்ததுபோல் தோன்றும் விஷயத்தைப் பலரும் செய்வதில்லை என்பது அன்றே பதிவானது.

ஐந்தின் கணக்கு

நீல்சனின் ஐந்து வெறும் வாய்ச்சொல் அல்ல. அதற்குப் பின்னால் கணக்கு இருக்கிறது. 1993-இல் அவரும் தாமஸ் லாண்டவரும் பல சோதனைகளின் முடிவுகளைத் தொகுத்தார்கள். சராசரியாக ஒரு பயனர் ஒரு தளத்தின் குறைகளில் 31 விழுக்காட்டைச் சந்திக்கிறார் என்று வந்தது. இரண்டாமவர் முதலாமவர் கண்ட சிலவற்றையே காண்கிறார். கொஞ்சம் புதிதாகவும் காண்கிறார். மூன்றாமவருக்குப் புதியது இன்னும் குறைவு. இப்படியே கூட்டினால் ஐந்து பேருக்குள் ஏறக்குறைய 85 விழுக்காடு குறைகள் வெளிவந்துவிடும். பதினைந்து பேர் வந்தால் மிச்சமும் வந்துவிடும். ஆனால் பதினைந்து பேருக்குப் பணம் இருந்தால் ஒரே சோதனையில் அதைச் செலவிடாதீர்கள், ஐந்தைந்து பேராக மூன்று முறை செய்து இடையிடையே திருத்துங்கள் என்பதுதான் நீல்சன் உண்மையில் சொன்னது. தலைப்பு பரவிய அளவுக்கு இந்த இரண்டாம் பாதி பரவவில்லை.

கணக்கின் உயிர் அந்த 31-இல் இருக்கிறது. ஒரு பயனர் கண்டுபிடிப்பது 31 விழுக்காடு இல்லாமல் 10 விழுக்காடாக இருந்தால் என்ன ஆகும்? அதே சூத்திரத்தில் போட்டால் ஐந்து பேர் கண்டுபிடிப்பது 41 விழுக்காடுதான். 85-ஐ எட்டப் பதினெட்டுப் பேர் வேண்டும். சிறிய செயலி ஒன்றுக்கு 31 பொருந்தலாம். ஆயிரக்கணக்கான பொருள்களை விற்கும் கடைத்தளத்துக்கு அது பொருந்துமா? 2001-இல் ஜாரெட் ஸ்பூலும் வில் ஷ்ரோடரும் நான்கு தளங்களில் 49 பேரைத் தாங்களே விரும்பிய பொருளை வாங்கச் சொன்னார்கள். முதல் ஐந்து பேர் கண்டது குறைகளில் 35 விழுக்காடு மட்டுமே. ஒவ்வொருவரும் வேறு பொருளைத் தேடி வேறு வழியில் போனதால் ஒவ்வொருவரும் வேறு பள்ளத்தில் விழுந்தார்கள்.

2003-இல் லாரா ஃபாக்னர் இன்னும் தெளிவாகக் காட்டினார். அறுபது பேரைச் சோதித்து, அவர்களிலிருந்து ஐந்தைந்து பேராகக் குலுக்கி எடுத்துக் கணினியில் பலமுறை கூட்டிப் பார்த்தார். சராசரி நீல்சன் சொன்ன 85-ஐ ஒட்டித்தான் வந்தது. ஆனால் சில ஐவர் குழுக்கள் 99 விழுக்காடு குறைகளைக் கண்டிருந்தன. சில குழுக்களுக்கு 55 மட்டுமே கிடைத்தது. பத்துப் பேராக்கினால் மிக மோசமான குழுவும் 80-ஐத் தொட்டது, இருபதாக்கினால் 95-ஐ. சராசரியை வைத்துக்கொண்டு ஒருமுறை மட்டும் சோதிக்கும் நிறுவனத்துக்கு, தனக்கு வாய்த்த ஐவர் எந்த வகை என்று அறிய வழியே இல்லை.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். அது உண்மையாக இருப்பதற்குக் காரணம், அந்தப் பானையில் ஒரே அரிசி ஒரே தீயில் வெந்திருப்பதுதான். பயனர்கள் ஒரே அரிசி அல்லர். நீல்சனே தம் கட்டுரையில், குழந்தைகளும் பெற்றோரும் போல வேறுபட்ட கூட்டத்தார் ஒரு தளத்துக்கு வருவார்களானால் ஒவ்வொரு கூட்டத்திலிருந்தும் தனித்தனியாக ஆட்களை எடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார். இந்தியாவில் பொதுச்சேவைத் தளம் ஒன்றுக்கு எத்தனை கூட்டத்தார் வருவார்கள் என்று எண்ணிப் பாருங்கள். முதியோர், தமிழ் மட்டும் வாசிப்பவர், எழுத்தே வாசிக்காதவர், பார்வையற்றவர், விரிசல் விட்ட சிறிய திரையில் பார்ப்பவர், பக்கத்து வீட்டுப் பையனிடம் கைப்பேசியைக் கொடுத்து விண்ணப்பிக்கச் சொல்பவர். அலுவலகத்தின் பக்கத்து அறையிலிருந்து கூப்பிட்ட ஐந்து பேர் இவர்களில் ஒருவருக்கும் பதிலாக மாட்டார்கள்.

ஒன்பது குழு, ஒரே தளம்

பயனர் எண்ணிக்கை சரியாகவே இருக்கட்டும். சோதிப்பவர்கள்? இந்தக் கேள்வியைத் துணிந்து கேட்டவர் ரோல்ஃப் மோலிக். நீல்சனோடு சேர்ந்து 1990-இல் நிபுணர் மதிப்பீட்டு முறையை வகுத்தவர் இவர். துறையின் உள்ளிருந்தே எழுந்த குரல் என்பதால் இதற்கு மதிப்பு அதிகம். அவருடைய ஒப்பீட்டு ஆய்வொன்றில் ஒன்பது குழுக்கள், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல், மைக்ரோசாஃப்டின் ஹாட்மெயில் தளத்தைச் சோதித்தன. மொத்தம் 310 குறைகள் அறிக்கைகளில் இடம்பெற்றன. அவற்றில் 232, அதாவது 75 விழுக்காடு, ஒரே ஒரு குழு மட்டும் சொன்னவை. ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட குழுக்கள் ஒருமித்துச் சொன்ன குறைகள் எத்தனை? இரண்டே இரண்டு. தனியாகச் சொல்லப்பட்டவற்றில் கடுமையான குறைகளும் இருந்தன. எல்லோரும் ஒரே வேலையைச் செய்து ஒரே முடிவுக்கு வருகிறோம் என்ற நம்பிக்கை தவறு என்று மோலிக்கும் அவருடன் எழுதியவர்களும் ஒளிக்காமல் முடிவு சொன்னார்கள்.

2001-இல் மார்ட்டன் ஹெர்ட்சமும் நீல்ஸ் யாக்கப்சனும் பதினொரு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, ஒரே பொருளை ஒரே முறையில் மதிப்பிட்ட இருவருக்கிடையே உள்ள உடன்பாடு 5 முதல் 65 விழுக்காடு வரை மட்டுமே இருந்தது. கடுமை எது, அற்பம் எது என்பதிலும் அவர்கள் ஒத்துப்போகவில்லை.

இதைப் படித்துவிட்டு, அப்படியானால் இந்தத் துறையே வீண் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. அந்த 310 குறைகளில் பலவும் யாரோ ஒரு பயனர் உண்மையாகவே இடறி விழுந்த இடங்கள். ஒன்பது குழுவும் ஒன்பது திசையில் பார்த்தது, பார்க்க வேண்டியது அவ்வளவு இருந்தது என்பதற்கே சான்று. ஆனால் ஒரு முடிவை இதிலிருந்து தப்பாமல் எடுக்க வேண்டும். சோதனை, குறை காண உதவும். குறையில்லை என்று சான்றளிக்க உதவாது. 'எங்கள் தளத்தைச் சோதித்தோம், தேறிவிட்டது' என்ற வாக்கியத்துக்கு இந்த ஆய்வுகளின்படி பொருளே கிடையாது. 'சோதித்தோம், இந்த இருபதைத் திருத்தினோம், மறுபடி சோதித்தோம்' என்பதற்குப் பொருள் உண்டு.

சத்தமாக யோசிக்கச் சொன்னால்

சோதனையின் உள்ளே நடப்பதையும் பார்க்க வேண்டும். மிகப் பரவலான முறை, பயனரிடம் ஒரு வேலையைக் கொடுத்து, மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யச் சொல்வது. ஆண்டர்ஸ் எரிக்சனும் நோபல் பரிசு பெற்ற ஹெர்பர்ட் சைமனும் 1980-இல் இதற்கு உளவியல் அடிப்படை வகுத்தார்கள். சோதிப்பவர் குறுக்கே பேசக் கூடாது, 'ஏன்' என்று கேட்கக் கூடாது, 'பேசிக்கொண்டே இருங்கள்' என்று மட்டும் நினைவூட்டலாம் என்பது அவர்கள் விதி. நடைமுறையில் சோதிப்பவர்கள் நிறையவே குறுக்கிடுகிறார்கள் என்று 2000-இல் டெட் போரனும் ஜூடித் ரேமியும் பதிவுசெய்தார்கள்.

இன்னும் ஆழமான சிக்கல், வாய்விட்டு யோசிப்பது எல்லோருக்கும் ஒரேபோல் இயல்பானது என்ற அனுமானம். 2002-இல் ஹீஜங் கிம் நடத்திய உளவியல் ஆய்வில், புதிர் விடுவிக்கும்போது பேசச் சொன்னால் கிழக்காசியப் பின்னணி கொண்ட அமெரிக்கர்களின் திறன் குறைந்தது. ஐரோப்பியப் பின்னணி கொண்டவர்களுக்கு அந்தப் பாதிப்பு இல்லை. இந்தியரைப் பற்றி 2006-இல் ரவி வத்ரபுவும் மானுவல் பெரஸ்-கினோனெசும் வெளியிட்ட ஆய்வு நமக்கு நேரடியாகப் பொருந்துகிறது. ஒரே தளத்தைப் பற்றி இந்தியப் பங்கேற்பாளர்களிடம் ஓர் இந்தியரும் ஓர் ஆங்கிலோ அமெரிக்கரும் பேட்டி எடுத்தார்கள். இந்தியர் கேட்டபோது கூடுதலான குறைகளும் யோசனைகளும் வந்தன. வெள்ளைக்காரர் கேட்டபோது அடக்கி வாசித்தார்கள்.

தமிழ்நாட்டில் வளர்ந்த எவருக்கும் இது புரியும். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் 'சாப்பாடு எப்படி' என்று கேட்டால் உப்பு குறைவு என்று சொல்ல மாட்டார். கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய பட்டதாரி ஒருவர், 'இந்தத் தளம் உங்களுக்குப் புரிகிறதா அம்மா?' என்று கேட்டால், 'நல்லா இருக்கு தம்பி' என்பதே பதிலாக வரும். அதைப் பதிவுசெய்து, பயனர்கள் மகிழ்ச்சி தெரிவித்தனர் என்று அறிக்கை எழுதினால், அது மரியாதையை அளந்த அறிக்கை, தளத்தை அளந்ததல்ல.

மும்பையில் ஹ்யூமன் ஃபேக்டர்ஸ் இன்டர்நேஷனல் நிறுவனத்தில் பணியாற்றிய அபலா லாஹிரி சவான் இந்தச் சிக்கலுக்கு ஒரு தீர்வு கண்டார். 'பாலிவுட் முறை' என்று அதற்குப் பெயர். வெறுமனே விமானச் சீட்டு பதிவுசெய்யச் சொல்வதற்குப் பதில், பங்கேற்பாளரை ஒரு கதைக்குள் இறக்கினார். உங்கள் உடன்பிறந்தவரின் அன்பு மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. மாப்பிள்ளை ஒரு கூலிக்கொலையாளி, ஏற்கெனவே மணமானவன் என்று உங்களுக்குத் தெரியவருகிறது. அவன் முதல் மனைவியை அழைத்துக்கொண்டு உடனே பெங்களூர் போய்க் கல்யாணத்தை நிறுத்த வேண்டும், சீட்டு எடுங்கள். கதைக்குள் போனவர் மரியாதையை மறந்தார். பொத்தான் கிடைக்கவில்லையென்றால் கோபப்பட்டார், தளத்தைத் திட்டினார். ஆய்வாளருக்குத் தேவைப்பட்டது அதுதான். இந்த முறையின் புள்ளியியல் வலிமை எவ்வளவு என்ற கேள்வி தனி. சோதனை முறைகளையும் பயனர் வாழும் மண்ணிலிருந்து எடுக்கலாம் என்று காட்டியதில் இதற்கு நான் உயர்ந்த இடம் தருவேன்.

எழுத்து வாசிக்காதவர் திரைமுன்

இந்த வழியில் இன்னும் விரிவாக உழைத்தவர் இந்திராணி மேதி தீஸ். பெங்களூரில் மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் கென்டாரோ டொயாமா முதலியோரோடு 2000-களின் நடுவில் அவர் தொடங்கிய ஆய்வு, நகரின் குடிசைப் பகுதிகளில் வீட்டுவேலை செய்யும் பெண்களை நோக்கியது. வேலை தேட உதவும், எழுத்தே இல்லாத, படமும் குரலும் மட்டும் கொண்ட இடைமுகத்தை அவர்களோடு உட்கார்ந்து உருவாக்கினார். எழுத்துள்ள வடிவத்தைவிட அதையே அந்தப் பெண்கள் விரும்பினர்.

பிறகு இந்தியா, கென்யா, பிலிப்பைன்ஸ், தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில் கைப்பேசிவழிப் பணப்பரிமாற்றம் முதலிய சேவைகளை வைத்து ஆராய்ந்தார். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு இடர் எழுத்து மட்டுமல்ல என்பது அந்த ஆய்வுகளின் முக்கியமான முடிவு. ஒன்றுக்குள் ஒன்றாகத் திறக்கும் பட்டியல்கள் அவர்களைத் தடுமாறவைத்தன. கண்ணுக்கு மறைந்த படிநிலையைக் கற்பனை செய்து பழக அவர்களுக்குப் பள்ளி வாய்க்கவில்லை. கண்ணெதிரே முழுதாக விரியும் நீண்ட ஒற்றைப் பட்டியல் எளிதாக இருந்தது. குரல்வழி உரையாடல் முறையில் வேலை விரைவாக நடந்தது, உதவியும் குறைவாகவே தேவைப்பட்டது. ஆனால் எடுத்த வேலையை முடித்தவர்களின் விகிதம் படமும் ஒலியும் சேர்ந்த முறையில்தான் அதிகம். வேகம் ஒரு பக்கம் இழுக்க, வெற்றி மறுபக்கம் இழுத்தது.

பன்னாட்டுத் தர நிர்ணயமான ஐஎஸ்ஓ 9241-11, பயன்பாட்டை மூன்று அளவுகளால் வரையறுக்கிறது: வேலை முடிந்ததா, எவ்வளவு முயற்சியில் முடிந்தது, மனம் நிறைந்ததா. குறிப்பிட்ட பயனர், குறிப்பிட்ட வேலை, குறிப்பிட்ட சூழல் என்ற நிபந்தனையும் அந்த வரையறையிலேயே இருக்கிறது. 'பொதுவாக எளிதான தளம்' என்று ஒன்று கிடையாது என்பது 1998-இலேயே தரமாக எழுதப்பட்டுவிட்டது. மேதியின் ஆய்வு அந்த வாக்கியத்துக்கு உடல் கொடுத்தது.

மனநிறைவை மட்டும் கேட்டறிவதில் இன்னொரு பொறியும் உண்டு. 1995-இல் ஜப்பானில் மசாக்கி குரோசுவும் கவோரி காஷிமுராவும் ஏடிஎம் திரையின் 26 அமைப்புகளைக் காட்டிக் கருத்துக் கேட்டார்கள். அழகாகத் தோன்றியதையே மக்கள் எளிதென்றும் சொன்னார்கள். இஸ்ரேலில் நோம் டிராக்டின்ஸ்கி, தம் நாட்டில் இது எடுபடாது என்று எதிர்பார்த்து அதே சோதனையைச் செய்தார்; அங்கே தொடர்பு இன்னும் வலுவாக வந்தது. ஆகவே கருத்துக் கணிப்பில் கிடைத்த மதிப்பெண்ணைக் கண்டு மயங்குவதற்கு முன், வேலையை முடித்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்பது நல்லது.

கோடிப் பேரை வைத்து

ஐந்து பேரை ஏன் கேட்க வேண்டும், கோடிப் பேரை அளக்கலாமே என்பது அடுத்த தலைமுறையின் விடை. வருவோரில் பாதிப் பேருக்கு ஒரு வடிவம், மீதிப் பேருக்கு இன்னொன்று. எது அதிகம் சொடுக்கப்படுகிறது என்று பார்ப்பது ஏ/பி சோதனை. இதன் பலன் மறுக்க முடியாதது. அதைவிட, அது தரும் பணிவு எனக்குப் பிடித்திருக்கிறது. மைக்ரோசாஃப்டில் இத்தகைய சோதனைகளை வளர்த்த ரான் கோஹாவியும் அவர் கூட்டாளிகளும் எழுதியிருப்பதன்படி, நன்றாகச் சிந்தித்து உருவாக்கிய யோசனைகளில் மூன்றில் ஒரு பங்குதான் எதிர்பார்த்த அளவை உயர்த்தியது. இன்னொரு பங்கு எதையும் மாற்றவில்லை. மிச்சம் கேடு செய்தது. நிபுணரின் உள்ளுணர்வுக்கு இதைவிட நேரான பாடம் வேறில்லை.

ஆனால் இந்தச் சோதனை எது வென்றது என்று சொல்லும். ஏன் என்று சொல்லாது. தளத்தின் முதல் பக்கத்திலேயே மனம் உடைந்து வெளியேறியவர் வெறும் எண்ணாகத்தான் பதிவாவார். யாருடைய வெற்றியை அளக்கிறோம் என்பது அதைவிட முக்கியம். சந்தாவை நிறுத்தும் பொத்தானை ஒளித்துவைத்தால் 'தங்கும் பயனர்' எண்ணிக்கை உயரும். ஏ/பி சோதனை அதைச் சிறந்த வடிவம் என்று அறிவிக்கும். ஹாரி பிரிக்னல் 2010-இல் இத்தகைய தந்திரங்களுக்கு டார்க் பேட்டர்ன் என்று பெயரிட்டார். 2019-இல் பிரின்ஸ்டன், சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 11,000 கடைத்தளங்களைத் துழாவி 1,818 தந்திரங்களை எண்ணினார்கள். ஜேமி லுகுரி, லியோர் ஸ்ட்ராஹிலெவிட்ஸ் இருவரின் ஆய்வில், மென்மையான தந்திரங்களே மக்கள் தேவையற்ற சேவைக்குச் சம்மதிப்பதை இருமடங்குக்கும் மேலாக்கின. கடுமையானவை ஏறக்குறைய நான்கு மடங்காக்கின. மென்மையான தந்திரங்களுக்குக் குறைந்த கல்வி உடையவர்களே அதிகம் இரையானார்கள்.

விமானியைக் காப்பாற்றப் பிறந்த அறிவு இங்கே பயனரை வேட்டையாடப் பயன்படுகிறது. இதை ஒரு துறையின் பிழை என்று கடந்துபோக எனக்கு மனமில்லை. நம்பிக்கைத் துரோகம் என்றுதான் சொல்வேன். இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று 13 வகைத் தந்திரங்களைப் பட்டியலிட்டுத் தடைசெய்யும் வழிகாட்டுதல்களை வெளியிட்டது. கேட்காமலே கூடையில் பொருள் சேர்ப்பதும், பொய்யான அவசரம் காட்டுவதும், கடைசிப் படியில் விலையை ஏற்றுவதும் அதில் அடங்கும். ஏமாந்தவர் புகார் செய்யச் சட்டம் வந்துவிட்டது. புகார் செய்யலாம் என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கணக்கில் வராதவர்கள்

எண்ணிக்கை விவாதம் முழுவதிலும் விடுபட்டுப்போனவர்கள் மாற்றுத்திறனாளிகள். ஐந்து பேரில் ஒருவர்கூடத் திரையில் உள்ளதைப் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் பயன்படுத்துபவர் இல்லையென்றால், படத்துக்கு மாற்று உரை இல்லாத குறை சோதனையில் தோன்றவே தோன்றாது. 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் போட்டியின் தளத்தைப் பயன்படுத்த முடியவில்லை என்று பார்வையற்ற ப்ரூஸ் மக்வயர் முறையிட்டு வென்றார். ஏற்பாட்டுக் குழு 20,000 ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு தர நேர்ந்தது. உலகெங்கும் எடுத்துக்காட்டப்படும் தொடக்ககால வழக்குகளில் அது ஒன்று. கால் நூற்றாண்டு கழித்து நிலை என்ன? வெப்எய்ம் அமைப்பு ஆண்டுதோறும் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களைத் தானியங்கியாகச் சோதிக்கிறது. 2019-இல் 97.8 விழுக்காடு பக்கங்களில் அணுகல் குறைகள் இருந்தன, 2025-இல் 94.8. ஆறு ஆண்டுகளில் மூன்று விழுக்காடு. மிக அதிகமாகக் காணப்படும் குறை, பின்னணியோடு கலந்து மங்கும் எழுத்து. நிறத்தைக் கொஞ்சம் அழுத்தமாக்கினால் தீரும் குறை அது.

இந்தியாவில் 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு வழங்கிய தீர்ப்பு இந்தத் துறையினர் அனைவரும் படிக்க வேண்டியது. வங்கிக் கணக்குக்கு ஆள் அடையாளம் காட்டக் கேமரா முன் கண் சிமிட்டச் சொல்கிறது தளம். அமில வீச்சில் முகமும் கண்களும் சிதைந்தவர் எப்படிச் சிமிட்டுவார்? மின்வழி அணுகல் அரசமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று சொல்லி, நீதிமன்றம் இருபது கட்டளைகளை இட்டது. கண் சிமிட்ட முடியாத ஒருவரை அந்த வடிவமைப்புக் குழு சந்தித்திருந்தால், வழக்கு நீதிமன்றம்வரை போயிருக்க வேண்டியதில்லை.

தமிழர்களுக்கு மட்டுமே நேரும் இடறல்களும் இருக்கின்றன. முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்களைக் கட்டாயமாக்கும் படிவத்தின்முன், தந்தை பெயரின் முதலெழுத்தும் தன் பெயரும் மட்டுமே உள்ள தமிழர் என்ன செய்வார்? தந்தையின் பெயரைக் குடும்பப் பெயராக இட்டு, அயல்நாட்டில் தந்தை பெயரால் அழைக்கப்பட்டு வாழ்பவர்கள் ஏராளம். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் கொண்ட கடவுச்சீட்டுகளோடு சுற்றுலா விசாவில் வருவோரை ஏற்பதில்லை என்று அறிவித்தபோது இந்தக் கட்டங்களின் விலை பலருக்குத் தெரிந்தது. கடவுச்சீட்டின் பின்பக்கத்தில் உள்ள தந்தை பெயரும் ஏற்கப்படும் என்று பிறகு தெளிவுபடுத்தினார்கள். எழுத்துருவிலும் இடறல்கள்: ஆங்கிலச் சொல்லுக்கு அளந்த பொத்தானில் தமிழ்ச் சொல் பாதியில் வெட்டுப்படுகிறது, வரி இடைவெளி போதாமல் மேல்வரிசையின் 'கூ'வும் கீழ்வரிசையின் 'கி'யும் உரசுகின்றன, தமிழ் என்ற பொத்தானை அழுத்தினால் தலைப்புகள் மட்டும் மாறி, பிழைச் செய்தி ஆங்கிலத்திலேயே வருகிறது. பயனருக்கு மொழி மிகத் தேவைப்படும் இடம் பிழைச் செய்திதான். தமிழில் வேலை செய்யும் ஒரே ஒருவரை உட்காரவைத்திருந்தாலும் இவையெல்லாம் கண்ணில் பட்டிருக்கும்.

ஆகவே ஐந்து பேர் போதுமா என்ற கேள்விக்கு ஆய்வுகள் தரும் விடையை இப்படிச் சொல்வேன். ஒரு சுற்றுக்கு, ஒரு வகையான பயனருக்கு, திருத்தும் நோக்கத்தோடு என்றால் ஐந்து போதும். ஐந்துகூட இல்லாமல் வெளியிடுவதைவிட ஆயிரம் மடங்கு மேல். மதிப்பெண் தரவும், சான்றளிக்கவும், இரண்டு வடிவங்களை ஒப்பிடவும் ஐந்து போதாது. வேறுபட்ட மக்கள் அனைவருக்கும் பதிலாக நிற்க எந்த எண்ணும் போதாது. அவர்களை ஒவ்வொரு வகையாகத் தேடித்தான் போக வேண்டும்.

பிரிட்டனில் 2014 முதல் அரசின் மின்சேவைகள் பொதுவெளிக்கு வருமுன் ஒரு தர மதிப்பீட்டுக்கு உட்படுகின்றன. எந்தப் பயனர்களிடம் ஆய்வு செய்தீர்கள், மாற்றுத்திறனாளிகளிடம் சோதித்தீர்களா, அதற்குப் பின் எதை மாற்றினீர்கள் என்று அங்கே கேட்கிறார்கள். தேறாத சேவைகளின் அறிக்கையையும் சேர்த்துப் பொதுமக்கள் படிக்க வெளியிடுகிறார்கள். நம் நாட்டிலும் அரசுத் தளங்களுக்கான வழிகாட்டுதல்கள் 2009 முதல் இருக்கின்றன. அவற்றோடு இந்த ஒன்றையும் சேர்க்க வேண்டும். மக்கள் பணத்தில் உருவாகும் ஒவ்வொரு தளத்துக்கும், யாரை உட்காரவைத்துச் சோதித்தார்கள், அவர்கள் எங்கே இடறினார்கள், எது திருத்தப்பட்டது, எது இன்னும் திருத்தப்படவில்லை என்ற அறிக்கை அந்தத் தளத்திலேயே தமிழில் வெளியாக வேண்டும். ஒப்பந்தப்புள்ளி கோரும்போதே இதை நிபந்தனையாக்க அரசால் முடியும்.